உளியும் ஏடும்: பள்ளிக்கூடத்திற்குத் தச்சுக்கல்வி வந்த வரலாறு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியின் மேன்மையைப் பொதுவாக எடுத்துரைக்கும் கட்டுரைகள் இம்மலரில் பல இடம்பெறும். ஆதலின் யாம் பலரும் தொடாத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். தச்சு வேலை பள்ளிக்கூடத்திற்குள் எவ்வாறு நுழைந்தது, அது யாரை உயர்த்தியது, யாரைத் தடுத்து நிறுத்தியது என்பதே அப்பொருள். தச்சுக்கும் நம் சமுதாயத்தின் கல்விக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை வரலாற்றின் வழியாகவே காட்ட முயல்வோம்.

முதலில் எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற இசைவு வேண்டுகிறோம். யாம் உயர்நிலைப் பள்ளியில் படித்தது 1980களில். பள்ளியின் பின்புறத்தில் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. வாரத்திற்கு இரு பாடவேளை அங்கே கைத்தொழில் வகுப்பு நடைபெறும். உளி, வாள், இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவை ஒரு மரப்பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பெட்டி திறந்ததும் ஊர்த்தெருப் பிள்ளைகள் கருவிகளை எடுத்துக்கொள்வார்கள். சேரியிலிருந்து சென்ற எம்மைப் போன்ற ஐந்தாறு பேருக்குப் பலகை சுமப்பதும், சுருள் சுருளாக விழும் மரச்சீவலைக் கூட்டி அள்ளுவதும் வேலையாக இருந்தன. அப்படி ஒரு விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அது விதியாகவே நடந்தது.

ஒன்பதாம் வகுப்பில் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்து, அதிலுள்ள பெயர் வரிசைப்படியே ஒவ்வொருவராகத் தச்சு மேசைக்கு அழைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை, சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. பதிவேட்டின் வரிசையில் எம் பெயர் வந்தது. உளி எம் கைக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு முக்காலி செய்து முடித்தோம். அந்த முக்காலி என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையின் முடிவில் கூறுவோம்.

ஒரே கொட்டகை, ஒரே உளி. ஒரு முறையில் அது எம்மைக் குப்பை அள்ள வைத்தது. மற்றொரு முறையில் எம்மை மாணவன் ஆக்கியது. உலகத்தின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போதும் தச்சுக்கல்வி இவ்விரு முகங்களோடுதான் காட்சி தருகின்றது.

வடதிசை நாடுகளில் தொடக்கம்

தொழிலைத் தொழிலாளியிடம் கற்பதே உலகெங்கும் பழைய வழக்கம். சிறுவன் ஒருவன் ஆசானின் பட்டறையில் பல ஆண்டுகள் ஏவல் செய்து, பார்த்துப் பார்த்துப் பழகுவான். பள்ளிக்கூடமோ எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய இடமாக இருந்தது. பட்டறைக்குச் சென்றவன் பள்ளிக்கு வரவில்லை. பள்ளிக்கு வந்தவன் பட்டறையைத் தொடவில்லை. இந்தப் பிரிவினையை முதன்முதல் ஒரு நாட்டின் சட்டத்தாலேயே உடைத்த பெருமை பின்லாந்துக்கு உரியது. ஊனோ சிக்னேயசு (1810–1888) என்ற பாதிரியார் அந்நாட்டின் மக்கட் பள்ளிகளுக்கு அடித்தளம் இட்டவர். பெஸ்தலாட்சி, புரோபல் ஆகிய கல்வியறிஞர்களின் கருத்துகளில் தோய்ந்த அவர், 1863ஆம் ஆண்டில் யுவாஸ்கிலா என்னும் நகரில் தோன்றிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1866இல் பிறந்த மக்கட் பள்ளிச் சட்டத்தில், படிப்பு, கணக்கு ஆகியவற்றோடு கைவேலையும் ஒரு பாடமாக இடம்பெற்றது. தொழிலாளிகளை உற்பத்தி செய்வதற்காக அவர் அதனைக் கேட்கவில்லை. கையும் கண்ணும் பழகாத கல்வி அரைக் கல்வி என்பதே அவர் கொண்ட கொள்கை.

இக்கொள்கைக்கு முழு உருவம் கொடுத்தவர் சுவீடன் நாட்டின் ஓட்டோ சாலமன் (1849–1907). அவருடைய மாமா ஆகஸ்ட் ஆபிரகாம்சன் பெரும் வணிகர். அவர் 1868இல் கோத்தன்பர்க் நகருக்கு அருகே நாஸ் என்னும் பண்ணையை விலைக்கு வாங்கினார். இருவரும் யூத இனத்தவர். சுவீடனில் யூதர்கள் விரும்பிய ஊரில் குடியிருக்க உரிமையின்றி நெடுங்காலம் சில நகரங்களுக்குள் அடைபட்டிருந்தனர். குடியுரிமைகள் பெரும்பாலும் கிடைத்தது 1870இல்தான். இன்ன இடத்தில்தான் நீ இருக்கலாம் என்று சட்டம் போட்டு ஒதுக்கப்பட்ட ஒரு மக்கட்பிரிவில் பிறந்தவர்களே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு கல்வி முறையை வகுத்தார்கள் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

நாஸில் 1872ஆம் ஆண்டு சிறுவர்களுக்கான கைவேலைப் பள்ளி திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் தொடங்கிற்று. 1877இல் சாலமன் பின்லாந்துக்குச் சென்று சிக்னேயசைச் சந்தித்துத் திரும்பினார். அதன்பின் அவர் முறை தெளிவடைந்தது. சுவீடிய மொழியில் கைவேலைக்கு 'சுலாய்டு' என்பது பெயர். கைத்திறன் என்னும் பொருள் தரும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அப்பெயராலேயே அம்முறை உலகெங்கும் அறியப்பட்டது.

சுலாய்டு முறையின் விதிகளை அறிந்துகொள்வது ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் பயன் தரும். மாணவன் முதலில் கத்தியைப் பிடிப்பான். பண்ணை வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கமான கருவி அதுவே. பிறகுதான் வாளும், இழைப்புளியும், உளியும். எளியதிலிருந்து அரியதற்கும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் படிப்படியாகச் செல்ல வேண்டும். செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். ஆடம்பரப் பொருளாக இருத்தல் ஆகாது. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாணவன் செய்ய வேண்டும்; ஒருவன் அறுக்க, ஒருவன் இழைக்க என்று பிரித்துக்கொள்ளலாகாது. ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். யாவற்றினும் முக்கியமாக, பாடம் நடத்துபவர் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருத்தல் வேண்டும் என்றார் சாலமன். தேர்ந்த தச்சன் பொருளை நோக்குவான். ஆசிரியரோ பிள்ளையை நோக்குவார் என்பது இதன் உட்கருத்து.

நாஸ் பண்ணைக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள், ஆண்களும் பெண்களுமாக, வந்து பயின்று சென்றனர். உடலுழைப்பை மதித்தல், தன் காலில் நிற்றல், ஒழுங்கு, துல்லியம், அழகுணர்ச்சி ஆகியவற்றையே தம் முறையின் பயன்களாகச் சாலமன் எண்ணினார். அங்கே அமைச்சரின் மகனும் உழவனின் மகனும் தச்சர் ஆகவேண்டும் என்று அவர் கருதவில்லை. தச்சு அறியாத அமைச்சரும் உழவரும் உருவாகக் கூடாது என்று கருதினார். சுவீடனில் சுலாய்டு இன்றும் ஆண், பெண் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக உள்ளது.

கணக்குப் பாடமும் தச்சு மேசையும்

மரவேலை எவ்வாறு கல்வியாகும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு சிறு விளக்கம் தருவோம். படம் மாட்டும் சட்டம் ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு சட்டங்கள், ஒவ்வொன்றின் இரு முனைகளையும் 45 பாகையில் அறுக்க வேண்டும். ஆக எட்டு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே பக்கமாக 1 பாகை பிழை நேர்ந்தால், எட்டு வெட்டுகளில் 8 பாகை பிழை சேர்ந்துவிடும். மூன்று மூலைகளைச் சேர்த்தவனுக்கு நான்காம் மூலை வாய் பிளந்து நிற்கும். சிறு பிழைகள் ஒன்றுகூடிப் பெரும் பிழையாவதைக் கரும்பலகையில் நூறு முறை எழுதிக் காட்டினாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

சட்டம் செவ்வகமாக அமைந்ததா என்று அறிய எதிர்மூலைகளுக்கு இடையே நூல் பிடித்து அளப்பார்கள். இரு அளவும் ஒன்றானால் மூலைகள் நேர். சுவரும் தரையும் நேர்மூலையா என்று அறிய ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, இடையே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். பித்தகோரசு தேற்றம் அறியாத தச்சனும் இதனை அறிவான். தேற்றத்தை மனப்பாடம் செய்த மாணவன் இதனை அறியாமல் தேர்வெழுதித் தேறிவிடுகிறான்! அறிவியல் பாடமும் அங்கே உண்டு. ஈரம் ஏறினால் மரம் நார் ஓட்டத்திற்குக் குறுக்காகப் பருக்கும். நார் ஓடும் நீளவாக்கிலோ மிகச் சிறிதே மாறும். மழைக்காலத்தில் கதவு ஏன் நிலையில் இறுகுகிறது என்பதற்கு விடை இதுவே.

இவ்வுண்மையைப் பொறியியல் ஆசிரியர் ஒருவர் கண்டதன் விளைவாகவே உயர்நிலைப் பள்ளிகளில் தச்சுக்கல்வி பரவிற்று. உருசிய நாட்டில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில், விக்டர் டெல்லா வோஸ் என்பார் 1868 முதல் ஒரு புது முறையை நடத்தினார். அறுத்தல், இழைத்தல், துளையிடுதல், பொருத்துதல் என்று தொழிலைத் தனித்தனிப் பயிற்சிகளாகப் பிரித்து, ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் பல மாணவர்க்குக் கற்பிக்கும் முறை அது. அப்பயிற்சிப் பொருள்கள் 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டன. அமெரிக்கக் கல்வியாளர்கள் கண்டு வியந்தனர்.

செயின்ட் லூயிஸ் நகரின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் கால்வின் உட்வர்டு (1837–1914) என்ற பேராசிரியர் இருந்தார். இயந்திரவியல் கருத்துகளை விளக்க மரத்தில் மாதிரிகள் செய்யுமாறு தம் மாணவரைப் பணித்தபொழுது, அவர்களுக்குக் கருவியைப் பிடிக்கவே தெரியவில்லை என்பதைக் கண்டார். அவர் முயற்சியால் 1880இல் அங்கே கைத்திறன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டில் தச்சும் கடைசலும், அடுத்து உலைக்களம், பின்னர் இயந்திரப் பட்டறை. இவற்றோடு கணிதம், அறிவியல், மொழி, வரைபடம் ஆகியவையும் குறைவின்றிக் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்றவனுக்குப் பட்டறைக்குச் செல்லவும் வழி இருந்தது. பல்கலைக்கழகத்திற்குச் செல்லவும் வழி இருந்தது. இந்த இரண்டாம் வழியை இளைஞர்கள் மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதே அமெரிக்காவில், அதே காலத்தில், வேறொரு மக்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டது.

டஸ்கிகி தந்த பாடம்

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1868இல் வர்சீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற நிலையம் தோன்றியது. அங்கே பயின்ற புக்கர் டி. வாசிங்டன் (1856–1915), தாமே அடிமையாகப் பிறந்தவர். அவர் 1881ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி என்னும் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களே செங்கல் அறுத்து, சூளை வைத்து, மரம் அறுத்துக் கட்டடங்களை எழுப்பினர். மூன்று சூளைகள் வீணாயின; நான்காவது சூளைக்குப் பணமில்லாமல் தம் கைக்கடிகாரத்தை அடகு வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகளில் எழுந்த 40 கட்டடங்களில் நான்கு நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் மாணவர் உழைப்பால் ஆனவை என்று 1901இல் வெளியான தம் வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். பெற்றோர் பலர், எம் பிள்ளைகள் ஏடு படிக்க வந்தார்களே அன்றி வேலை செய்ய வரவில்லை என்று முறையிட்டதையும் அவர் மறைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அடிமை உழைப்பைச் செய்தவர்களின் அச்சம் அது. நம் பாட்டனாரும் அவ்வாறே முறையிட்டிருப்பார்.

டஸ்கிகியின் சாதனையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆனால் 1895இல் அட்லாண்டா நகரில் வாசிங்டன் ஆற்றிய உரையில், கறுப்பின மக்கள் அடிமட்டத் தொழில்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், சமூகச் சமத்துவத்திற்காகக் கிளர்ச்சி செய்வது அறியாமை என்றும் கருத்துத் தெரிவித்தார். வெள்ளையர் அதனைக் கைதட்டி வரவேற்றனர். காரணம் வெளிப்படை. செல்வர்களின் நன்கொடை நிதிகள் தொழிற்பயிற்சிப் பள்ளிகளை நாடிச் சென்றன. கறுப்பினத்தவரின் கல்லூரிகள் பணமின்றி வாடின. செயின்ட் லூயிஸ் பள்ளியில் பொறியாளர் ஆவதற்குப் படிக்கட்டாக இருந்த உளி, தென்மாநிலங்களில் 'இதற்கு மேல் ஏறாதே' என்று சொல்லும் கைம்மரமாகப் பயன்படுத்தப்பட்டது.

இதனை எதிர்த்து எழுந்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் (1868–1963). ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1903இல் வெளியிட்ட நூலில் அவர் தொழிற்கல்வியை இழித்துரைக்கவில்லை. அதன் பெயரால் வாக்குரிமையையும், குடிமைச் சமத்துவத்தையும், திறமையுள்ள இளைஞரின் உயர்கல்வியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். கறுப்பினத்தவரின் கல்லூரிகளில் படித்த ஆசிரியர்கள் இல்லையேல் டஸ்கிகியே ஒரு நாளும் நடவாது என்றும் சுட்டிக்காட்டினார். விடை கூற முடியாத வாதம் அது.

இவ்விருவர் வாதத்திற்கும் நடுவே ஒரு மனிதரின் வாழ்க்கை நம் கண்ணுக்குத் தெரிகிறது. இராபர்ட் டெய்லர் (1868–1942) என்பார் அடிமையாகப் பிறந்து தச்சராகவும் கட்டடம் கட்டுபவராகவும் வாழ்ந்த தந்தைக்குப் பிறந்தவர். தந்தையின் பட்டறையில் தொழில் பழகினார். அத்தோடு நிற்கவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1892இல் கட்டடக் கலையில் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் டஸ்கிகிக்கு வந்து, மாணவர்க்கு வரைபடம் கற்பித்து, அப்பள்ளியின் கட்டடங்கள் பலவற்றை வரைந்து கொடுத்தார். தந்தை கையில் உளி. மகன் கையில் உளியும் வரைகோலும். இரண்டும் சேர்ந்தபொழுது மாளிகை எழுந்தது.

வார்தாவும் குலக்கல்வியும்

கடல் கடந்த செய்திகளை இதுகாறும் கூறினோம். இனி நம் நாட்டிற்கு வருவோம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் வார்தா நகரில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. சாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. ஏழு ஆண்டுக் கட்டாய இலவசக் கல்வி. அதன் நடுநாயகமாக ஒரு கைத்தொழில். நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை முதலியவற்றுள் ஒன்றினை மையமாக வைத்து ஏனைய பாடங்களைக் கற்பித்தல் என்பது அதன் சாரம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வி என்ற அளவில் இது சிக்னேயசு, சாலமன் ஆகியோரின் எண்ணத்தோடு உறவுடையது. பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாயால் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற கருத்தில்தான் அது சாலமனிடமிருந்து விலகிச் சென்றது.

1953இல் நம் சென்னை மாநிலத்தில் நடந்ததோ வேறு. அப்பொழுது முதலமைச்சராக இருந்த இராசாசி அவர்கள், அவ்வாண்டு சூன் திங்களில் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டத்தைப் புகுத்தினார். நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள தொழிலாளி ஒருவரின் தொழிலையோ கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாமையால் இரு முறை வைத்து நடத்தினால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். தொடக்கப் பள்ளியைப் பற்றிய திட்டமாயினும், யார் உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதிப்பது என்பதைத் தீர்மானிப்பது தொடக்கப் பள்ளியே அன்றோ!

இத்திட்டத்தை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். தச்சுத் தொழில் நம்மவர்க்கு உரியதாக இருந்ததில்லை. அது கம்மாளருள் ஒரு பிரிவினரின் பரம்பரைத் தொழில். தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. ஊர்த் தச்சரின் பட்டறைக்குள் சேரிப் பிள்ளையை மாணவனாக ஏற்கும் வழக்கம் அந்நாளில் எங்கே இருந்தது? ஆகவே காகிதத்தில் எதை எழுதியிருந்தாலும், நம் பிள்ளைக்கு மிஞ்சியது தந்தையின் தொழிலே. அத்தொழில் யாது? பண்ணையில் நாற்றுப் பறிப்பது, மாடு மேய்ப்பது, இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது, பறையடிப்பது, மலம் அள்ளுவது. தஞ்சைப் பண்ணையாள்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் அவசரச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்கு அடுத்த ஆண்டில், தந்தையின் தொழிலைக் கற்றுக்கொள் என்று பண்ணையாளின் மகனிடம் கூறினால் அதற்கு என்ன பொருள்? பள்ளியில் இழந்த மணி நேரங்களுக்கு ஈடாக அவன் பெறுவது பண்ணைக் களத்தின் மண்வெட்டி.

பெரியார் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சி நடத்தின; ஆளுங் கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் இராசாசி பதவி விலகினார். பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த திங்களே அத்திட்டம் கைவிடப்பட்டது. அது நீடித்தது ஓராண்டுக்கும் குறைவே. அது நிலைத்திருந்தால், நம் சங்கத்தில் இன்று மூத்தோராக அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பட்டதாரிகளாக இருந்திருப்பார்கள் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

அண்ணல் காட்டிய வழி

குலக்கல்வியின் கசப்பினால் நம்மவருள் ஒரு சாரார் கைத்தொழில் என்ற சொல்லையே வெறுக்கலாயினர். அஃது இயல்பே, ஆயினும் அது சரியான முடிவன்று. இதற்கு அண்ணல் அம்பேத்கரே சான்று. அவர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் நலத் துறையை ஏற்றிருந்த காலத்தில், 1942 அக்டோபரில், தாழ்த்தப்பட்டோரின் குறைகளைப் பற்றி அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கலையும் சட்டமும் மட்டும் நம் மக்களுக்குப் போதா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்ந்த கல்வி வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு உதவித் தொகைகளும், வெளிநாட்டுக் கல்விக்கு நிதியும் கேட்டார். அதே விண்ணப்பத்தில் அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களுக்குத் தொழில் பழகும் இடங்கள் வேண்டும் என்றும் கேட்டார். பட்டறையும் வேண்டும், பல்கலைக்கழகமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கலாகாது. டு பாய்ஸ் அமெரிக்காவில் வாதாடியதும் இதுவே. 1946இல் அண்ணலும் டு பாய்ஸும் கடிதம் எழுதிக்கொண்டனர் என்பது இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி.

விடுதலைக்குப் பின் 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு, எல்லா மாணவர்க்கும் பணி அனுபவம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தோன்றியபொழுது தொழிற்பிரிவும் உடன் தோன்றியது. நல்ல ஏற்பாடே. ஆயினும் யாம் பணியாற்றிய பள்ளிகளில் கண்டதைக் கூறாமல் இருக்க இயலாது. பத்தாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் வந்ததும், 'உனக்கு இது போதும்' என்று தொழிற்பிரிவின் பக்கம் தள்ளப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நம் தெருக்களிலிருந்தும் நம்மைப் போன்றோர் தெருக்களிலிருந்தும் வந்தவர்களே. முதன்மை மதிப்பெண் பெற்றவனை எவரும் தச்சு மேசைக்கு அனுப்பவில்லை. உளியைத் தண்டனையாக்கினால் உளிக்கும் இழிவு. அதைப் பிடித்தவனுக்கும் இழிவு.

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் தச்சு, மின்வேலை, மண்பாண்டம் முதலியவற்றில் பயிற்சியும், புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் ஊர்த் தொழிலாளரிடம் பழகுதலும் வேண்டும் என்கிறது. இது குலக்கல்வியின் மறுபிறவி என்று நம் மாநிலத்தில் பலர் ஐயுற்றனர். ஐயம் வரலாற்றிலிருந்து பிறந்தது. அதனை எள்ளி நகையாடுவோர் 1953ஐ அறியாதவர்.

இனி வரும் நாளிலும் இத்தகைய திட்டங்கள் பல வரும். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் வேண்டா. காதைப் பொத்திக்கொண்டு எதிர்க்கவும் வேண்டா. இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இந்த உளி யார் யார் கையில் தரப்படுகிறது? எதனைப் பறித்துக்கொண்டு தரப்படுகிறது? மாவட்ட ஆட்சியரின் மகளுக்கும் துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கும் ஒரே மேசையில் தரப்பட்டு, இருவருடைய கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் குறையாமல் இருந்தால், அது நாஸ் பண்ணையின் கல்வி, தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் கையில் மட்டும் உளியைத் தந்து, ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கு எந்தப் புதுப் பெயர் சூட்டினாலும் அது பழைய விலங்கே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நம் பிள்ளை மரத்தை அறுத்தால், இழைத்தால், கையில் காய்ப்பு வந்தால், ஐயோ என்று பதறாதீர்கள். நம்மை இழிவுபடுத்தியது உழைப்பு அன்று. பிறப்பைக் காட்டி உழைப்பை நம்மேல் சுமத்திய முறையே. பிறப்பு நமக்கு மறுத்த தொழில்களுள் தச்சும் ஒன்று. அதனைப் பள்ளியின் பொது மேசையில் நின்று நம் பிள்ளை கற்கும்பொழுது, சாதி போட்ட பூட்டு ஒன்று திறக்கிறது. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் நடப்பதைப் போல, ஒரு தச்சு மேசையும் பத்து உளிகளும் இருத்தல் வேண்டும் என்பது எம் அவா. ஆண் பிள்ளைகளைப் போலவே பெண் பிள்ளைகளும் அங்கே நிற்க வேண்டும்.

முக்காலியின் கதையைச் சொல்வதாக வாக்களித்தோம். எம் ஆசிரியர் நாற்காலியைத் தேர்ந்தெடுக்காமல் முக்காலியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பின்னர்தான் விளங்கிற்று. நான்கு காலுள்ள பொருளில் ஒரு கால் சிறிது குறைந்தாலும் ஆடும். மூன்று கால்கள் சமமாக இல்லாவிடினும் முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும். முதன்முறையாகக் கருவி பிடித்த பிள்ளைகளின் வேலை தோற்றுவிடக் கூடாது என்று அவர் எண்ணினார் போலும். கணக்கறிந்தவரின் கருணை அது.

பூவரசு மரத்தில் செய்த அம்முக்காலியைத் தலையில் வைத்து வீட்டிற்குக் கொண்டுபோனோம். இருக்கைப் பலகை சிறிது சாய்ந்திருந்தது. உப்புத்தாள் போடாத இடம் ஒன்று கையைக் குத்தியது. எம் தந்தையார் நாற்பது ஆண்டு பண்ணை வேலை செய்தவர். ஆண்டை வீட்டு வாசலில் நின்றே கூலி வாங்கியவர், திண்ணையில் அமர்ந்ததில்லை. எம் வீட்டில் அதுவரை மரத்தால் ஆன இருக்கை எதுவும் கிடையாது. அவர் அதனை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "நீயா செஞ்ச?" என்று கேட்டார். பிறகு அதைத் திண்ணைக்கு அருகே போட்டு, மெதுவாக அமர்ந்தார். தெருவில் போவோர் வருவோர் பார்க்கட்டும் என்று நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

யாம் தச்சர் ஆகவில்லை, ஆசிரியர் ஆனோம். எம் தலைமையாசிரியர் அறையில் அந்த முக்காலி இன்றும் இருக்கிறது. கைத்தொழில் வகுப்பின் பெட்டியைத் திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே பிள்ளைகளை அழைக்கிறோம்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் பொன் விழாவும் மணி விழாவும் காண்க! நம் பிள்ளைகளின் ஒரு கையில் ஏடும் மறு கையில் உளியும் திகழ்க!